பாட்டி மேல் ஒரு சிவப்புக் கோடு

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் 'என் வீடு' என்று ஒரு படம் வரைந்தாள். வெளியிலிருந்து பார்க்கிற வீடுதான். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி சுவரைத் தாண்டித் தெரிந்தார், கட்டிலுக்கடியில் பூனையும் தெரிந்தது. நோட்டு திரும்பி வந்தபோது பாட்டியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'சுவர் மறைக்கும்' என்று குறிப்பு. அடுத்த பக்கத்தில், கரும்பலகையைப் பார்த்து வரைந்த வேறொரு வீடு: ஒரு சதுரம், மேலே முக்கோணம், இரண்டு ஜன்னல். வகுப்பு முழுக்க இதே வீடுதானாம். அதற்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண். பாட்டி எங்கே என்று கேட்டேன். "உள்ளதான் இருக்காங்க, சுவர் மறைக்குது" என்றாள்.

அந்த ஆசிரியையைத் திட்ட மனம் வரவில்லை. கணக்கும் அறிவியலும் எடுக்கிறவர், ஓவியத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணில் படுவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்பது பழைய செய்தி. இப்படி உள்ளிருப்பதும் தெரிகிற படங்களை 'எக்ஸ்ரே படம்' என்றே கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிவைத்தார். அது தப்பல்ல, ஏழெட்டு வயதின் இயல்பு. ஒன்பது, பத்து வயதானால் 'எனக்கு வரைய வராது' என்று அவர்களே ஒதுங்க ஆரம்பிப்பார்கள். அந்த வேலையை நாம் ஏன் முன்கூட்டியே செய்ய வேண்டும்?

கூடுதல் கிரேயான் பெட்டி, புது அறை எதுவும் நான் கேட்கவில்லை. கரும்பலகையில் மாதிரி வரைவதை நிறுத்தினாலே பாதி சரியாகும். அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்கலாம். 'ராத்திரி நீ படுத்திருக்கும்போது யார் எங்கே இருப்பார்கள்? என்ன சத்தம் கேட்கும்?' என்று கேட்டுவிட்டுத் தாளைக் கொடுங்கள், அப்புறம் குறுக்கே போகாதீர்கள். வரைந்து முடித்ததும் படத்தைப் பற்றிப் பிள்ளை சொல்வதை, மதிப்பெண்ணுக்குப் பதிலாக, தாளின் பின்பக்கம் இரண்டு வரியில் எழுதிவைத்தால் போதும்.

இன்னொன்று, நேரம். நாற்பது நிமிட வகுப்பில் வண்ணத்தை எடுத்துவைத்து, கை கழுவி, மேசை துடைத்தது போக மிஞ்சுவது இருபது நிமிடம். வாரம் ஒரு வகுப்புக்குப் பதில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வகுப்புகளைச் சேர்த்துக் கொடுக்கலாமே. களிமண் வேலைக்கு அதுதான் தோது. பிடிக்காவிட்டால் உருட்டி, மறுபடி ஆரம்பிக்கலாம், அழிரப்பர்கூட வேண்டாம். (பாட்டு, நாடகம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்டு விழா ஒத்திகைதான் அங்கே பாடத்திட்டம்.)

பள்ளிகளை ஆய்வு செய்யப் போகும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புச் சுவரில் முப்பது படங்கள் ஒரே அச்சாகத் தொங்கினால் பாராட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பெயரை மறைத்துக்கொண்டு, எது யாருடையது என்று அந்த ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி