காய்ச்சலை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்: நெல்லை லூபஸ் சங்கச் செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மேலப்பாளையம், முக்கூடல், அம்பாசமுத்திரம், வள்ளியூர் எனப் பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் உடலைத் தாக்கும் நோய். வெயில் பட்டால் நமக்கு அது கிளம்பும் என்பதால் கோடையில் மட்டும் பொழுது சாய்ந்த பிறகு கூடினோம். மற்ற விவரங்கள் பதிவேட்டில் உள்ளன. நம்மவர்கள் எதனால் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்கிறது, எதனால் சிலரை இழக்கிறோம் என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றி வந்த நம் சகோதரி ஒருவர் இந்த ஆண்டு காலமானார். வீட்டாரின் சம்மதத்தோடு சொல்கிறேன். ஒரு நாள் இரவு காய்ச்சல் கண்டது. "லூபஸ் காய்ச்சல்தான மயினி, மாத்திரைய கூட்டிப் போட்டா அமந்துரும்" என்று பக்கத்து வீட்டில் சொல்ல, கையிலிருந்த, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொண்டார். மறுநாளும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார், கணக்கு குறையக் கூடாதே என்று. மூன்றாம் நாள் மூச்சு வாங்கிய பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். அதற்குள் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. ரத்தத்திலும் கிருமி ஏறியிருந்தது.

லூபஸ்காரருக்குக் காய்ச்சல், நோய் கிளம்பியும் வரலாம், கிருமித் தொற்றாலும் வரலாம். அட்மிட் ஆவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். எது என்று சொல்ல டாக்டருக்கே ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் வேண்டும். வீட்டில் இருந்துகொண்டு நாம் எப்படிச் சொல்வது? நோயே எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிறது, மருந்துகள் அதை இன்னும் அடக்குகின்றன. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு உள்ளே தொற்று முற்றினாலும் வெளியே காய்ச்சல் லேசாகத்தான் தெரியும். நம் நாட்டில் காசநோயும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காய்ச்சல் கண்ட அன்றே கிளம்புங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே "எனக்கு லூபஸ், இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

லூபஸ் சிறுநீரகத்தையும் தாக்கும், அது வலிக்காமலே கெடும். சிறுநீரில் நுரை, காலையில் கண் இமை வீக்கம், ஏறும் பிரஷர் இவைதான் அடையாளம். கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக் கூடாது என்று மாத்திரையை நிறுத்திய நம் தங்கை ஒருவர் இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறைக்கச் சொன்ன பெரியவர்கள்தான் யோசிக்க வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நோய் கிளம்பாமல் காக்கும் மருந்து. கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். நாளடைவில் அது கண்ணைப் பாதிக்கக் கூடும் என்பதால் ஆண்டுக்கொரு கண் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நோய் அடங்கிய மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. 1976-இல் கனடாவின் டொரான்டோவில் முர்ரே யூரோவிட்ஸ் குழுவினர், தொடக்க ஆண்டுகளில் நோயின் தீவிரமும் தொற்றும், பல ஆண்டு கழித்து மாரடைப்பும் உயிரைப் பறிப்பதை எடுத்துக்காட்டினார்கள். ஆகவே பிரஷர், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுப் பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால் அதை வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

1950-களில் இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் ஐந்து ஆண்டு தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். நம் ஊர்களிலும் அது நடக்க வேண்டும் என்பதே என் ஆசை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பலருக்கு மாத்திரை நனைந்து போனது. அதனால் இரண்டு வார மாத்திரையும் சீட்டு நகலும் வைக்க ஆளுக்கொரு தண்ணீர் புகாத பை கொடுத்தோம். இன்னும் வாங்காதவர்கள் துணைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தாலுகா மருத்துவமனைகளிலேயே நம் மாத்திரைகளும் சிறுநீர்ப் புரதப் பரிசோதனையும் கிடைக்கக் கோரும் மனுவைக் கலெக்டரிடம் கொடுக்கத் தயாரித்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அதில் கையெழுத்திடுங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்