கேம்பர் வேனைத் தாழ்த்தும் முன் அடித்தகரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கையும் சமையல் வசதியும் கொண்ட பழைய கேம்பர் வேன்களை வீட்டிலேயே புதுப்பிப்பது பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெயிண்ட், திரைச்சீலை, மடக்குக் கட்டில் என்பதோடு நின்றுவிடுகின்றன. வண்டியைத் தரையோடு தாழ்த்துவதை இரண்டு நாள் வேலை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். இங்கே சொல்வது 1950 முதல் 1979 வரை ஜெர்மனியில் தயாரான ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வண்டிகளைப் பற்றி.

முதல் வேலை துரு. பளபளக்கும் வண்டியாக இருந்தாலும் பக்கவாட்டு சில் பகுதியை (கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் தகரக் கூடு) சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். பட்டி பூசி மறைத்த இடம் மந்தமாக ஒலிக்கும். இந்த சில் உள், நடு, வெளி என்று மூன்று அடுக்கு கொண்டது. வெளி அடுக்கை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்தால் உள்ளே தேங்கிய ஈரம் சீக்கிரமே புதுத் தகரத்தையும் அரித்துவிடும். ஜாக்கி போடும் இடம், அதை சேஸியோடு சேர்க்கும் குறுக்குத் தாங்கிகள், பேட்டரித் தட்டு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, கூரையோர வாய்க்கால் ஆகியவற்றையும் விடக்கூடாது.

சில்லை வெட்டுவதற்கு முன் வண்டி நான்கு ஸ்டாண்டுகளில் சமமட்டமாக நிற்க வேண்டும். கதவு வாசல்களில் சதுரக் குழாயைக் குறுக்காக வைத்து டாக் வெல்டிங் (தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) போடுங்கள். பக்கக் கதவு வாசல்தான் அகலமானது. தாங்கு கொடுக்காமல் வெட்டினால் அங்கேதான் உடல் தொய்யும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கதவுகளை மாட்டி இடைவெளி பார்த்த பின்பே முழு வெல்டிங். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக ஊட்டப்படும் மின் வெல்டிங்) 0.8 மி.மீ. கம்பி போதும். ஒரே கோடாக இழுக்காமல் 10, 15 மி.மீ. துண்டுகளாக இடம் மாற்றி மாற்றி வைத்தால் தகரம் நெளியாது. தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு உட்கூடுகளுக்குள் மெழுகுக் கலவை அடிக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்குங்கள், சமையல் கேஸ் சிலிண்டரை வெளியே எடுங்கள். டேங்க் இறங்கியிருக்கும்போதே எல்லா பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது. இவ்வகை வண்டிகள் எரிந்துபோவதற்கு வெடிப்பு விட்ட ஹோஸ் ஒரு முக்கியக் காரணம். பழைய பெயிண்டில் ஈயமும் பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம்; இரண்டையும் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், காற்றடித்தும் ஊதாதீர்கள்.

இனி தாழ்த்தும் வேலை. இவ்வண்டிகளில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பின்பக்கம் முறுக்கில் வேலை செய்யும் டார்ஷன் பார். அதன் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் நகர்த்தினால் 8 டிகிரி 10 நிமிடம் (கோண அளவில் 60 நிமிடம் ஒரு டிகிரி). இரண்டையும் எதிரெதிராக ஒவ்வொரு பல் நகர்த்தினால் வித்தியாசம் 50 நிமிடம்தான்; சக்கரத்தில் அது ஏறக்குறைய அரை சென்டிமீட்டர். இந்தக் கணக்கு தெரியாதவர்கள் வெளிப்பல்லை மட்டும் ஒன்று தள்ளிவிட்டு, வண்டி ஒரேயடியாக 5 செ.மீ.க்கும் மேல் இறங்கிவிட்டதே என்று திகைக்கிறார்கள்.

கழற்றும் முன், டார்ஷன் பாரின் வெளிமுனையைச் சக்கரத்தோடு இணைக்கும் ஸ்பிரிங் பிளேட்டின் கோணத்தை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். பிளேட் தன் தடுப்பின் மேல் பெரும் முறுக்கோடு உட்கார்ந்திருக்கும். கீழே ஜாக்கி கொடுத்து, சங்கிலியால் சேஸியோடு கட்டிய பிறகே தடுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். கை விரல் அதற்கடியில் போகவே கூடாது. இடது பாரும் வலது பாரும் வேறு வேறு. அவை முன்கூட்டியே ஒரு திசையில் முறுக்கி இறுக்கப்பட்டவை, மாற்றிப் போட்டால் உடையும். பாரின் மேல் விழும் சிறு கீறல்கூட விரிசலுக்கு வழி விடும் என்பதால் பெயிண்ட் உரிந்த இடத்தில் மறுபடி பூசிவிடுங்கள்.

1967 வரை வந்த, முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த வண்டிகளில் பின் சக்கரங்களருகே குறைப்பு கியர் பெட்டிகள் (சுழற்சி வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுபவை) உண்டு. அவற்றை நீக்கி நேர் அச்சு போடுவது தாழ்த்துவதற்கான ஒரு வழி. ஆனால் அந்தப் பெட்டிகள் சக்கரம் சுழலும் திசையையும் மாற்றுகின்றன. கியர்பாக்ஸில் கிரவுன் வீலை (அச்சுகளைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) மறுபக்கம் மாற்றாமல் விட்டால் வண்டிக்கு நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும்தான் மிஞ்சும்.

முன்பக்கம் இரண்டு குழாய்களுக்குள் பட்டை பட்டையான டார்ஷன் தகடுகள். குழாயின் நடுவை வெட்டி, தகடுகளின் கோணத்தை மாற்றும் அட்ஜஸ்டர் வைப்பது ஒரு முறை. மேல் குழாய், கீழ் குழாய் இரண்டிலும் ஒரே கோணத்தில் அமையாவிட்டால் ஒன்று மற்றொன்றை எதிர்த்து வேலை செய்யும். மற்றொரு முறை, உயரம் மாற்றிய ஸ்பிண்டில் (முன் சக்கரம் சுழலும் அச்சுத்துண்டு). சுமார் 6 செ.மீ. இறங்கும், சஸ்பென்ஷனின் ஓட்டம் குறையாது. குடும்பத்தோடு பயணம் போகிற வண்டிக்கு நாங்கள் இதையே பரிந்துரைப்போம். 1968 மாடலிலிருந்து வந்த பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) அமைப்பை அட்ஜஸ்டரால் மட்டும் மிகத் தாழ்த்தினால் ஜாயின்ட் தன் கோண எல்லையை முட்டி இறுகும். சில ஸ்பிண்டில்கள் சக்கரத்தை வெளியே தள்ளும் என்பதால் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை முழுவதும் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

எந்த முறையானாலும் குட்டையான ஷாக் அப்சார்பர் வேண்டும். பழைய நீளத்தையே விட்டால் பள்ளத்தில் அது அடிமட்டத்தில் முட்டி உடையும். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ரப்பரைக் குறைக்கலாம், அடியோடு எடுக்கக் கூடாது. முன்பக்கம் மட்டும் இறக்கினால் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து, பக்கக் காற்றில் வண்டி அலையும். பின்னால் இறக்கினால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு தேயும். டயரிலும் கவனம் வேண்டும்: பிந்தைய மாடல்களுக்கான அளவு 185 ஆர் 14 சி, அந்த ‘சி’ சுமை வண்டிக்கானது என்பதன் அடையாளம். அழகுக்காகப் போடும் மெல்லிய கார் டயர்கள் பலவும் கேம்பரின் எடையைத் தாங்காது.

அந்த எடையைத்தான் பலரும் மறக்கிறார்கள். காலி வண்டியில் உயரம் வைத்துவிட்டு, பிறகு அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் படுக்கையும் ஏற்றினால் புகைக்குழாய் சாலையில் இழுபடும். ஆகவே உள்வேலை முடிந்து, தொட்டி நிரப்பி, பயணச் சுமையோடு உயரத்தை அளந்து வையுங்கள். வீல் அலைன்மென்டும் அதே சுமையோடுதான். பிரேக் ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பார்த்த பிறகு சாலைக்கு எடுங்கள். சில நாடுகளில் சஸ்பென்ஷன் மாற்றத்துக்குத் தனி ஆய்வும் ஒப்புதலும் தேவை. அதை வெட்டும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகைக் கட்டுரைகளை வெளியிடும்போது இந்த வேலை வரிசையையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் வாசகர்கள்