பை வைத்துக்கொள்ளப் போகிறேன், அக்கா

அக்கா,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். எனக்கு இருக்கிற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் வெந்து புண்ணாகிற நோய், அதற்காகப் பெருங்குடல் முழுவதையும் மலக்குடலோடு சேர்த்து எடுக்கிறார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே எடுத்து, மலம் சேர அதன் மேல் ஒரு பை ஒட்டுவார்கள். அந்தப் பை கொஞ்ச நாளைக்கு இல்லை, ஆயுசுக்கும். இதை உன்னிடம் சொல்லத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

"இப்ப நல்லாத்தான இருக்க ஏட்டி. ரத்தம் போகல, வலி இல்ல. நல்லா இருக்கிற கொடல எதுக்கு அறுத்துப் போடணும்?" என்று போன வாரம் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். மறுபடி பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். நான் இங்கே எழுதுவதையெல்லாம் நீ படிப்பதாக அத்தான் சொன்னார். மற்றவர்களும் படிப்பார்கள். சித்தி மகள் படித்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுவாள். அதனால் பணம் பற்றியும், என் மாமியார் வீட்டில் நடந்த பேச்சு பற்றியும் இங்கே ஒன்றும் எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

நல்லாத்தான் இருக்கிறேன் அக்கா. இப்போது வந்திருப்பது வலிக்கிற சமாச்சாரமே இல்லை. போன வருஷம் குடலுக்குள் நீலச் சாயம் தெளித்துப் பார்த்தபோது இடது பக்கம் ஒரு திட்டு தெரிந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் டிஸ்பிளாசியா, லோ கிரேடு என்று வந்தது. செல்கள் உருமாற ஆரம்பித்திருக்கின்றன, புற்றுநோய் என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு இடம். ஒன்று ஹை கிரேடு, உருமாற்றம் முற்றியது. கட்டி மாதிரி எழும்பி நின்றால் டியூப் விட்டே வெட்டி எடுத்திருக்கலாமாம். இது தட்டையாக, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாமல் படர்ந்திருக்கிறது. ஸ்லைடை இன்னொரு பேத்தாலஜிஸ்டுக்கும் அனுப்பினார்கள், அவரும் அதையே எழுதினார். இந்த அளவுக்கு வந்துவிட்டால் பக்கத்திலேயே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம், குடலை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றார் டாக்டர்.

முதல் ரிப்போர்ட்டை உன்னிடம் ஆறு மாதம் மறைத்தேன். மன்னித்துக்கொள். மறைத்ததற்குக் காரணமும் இருந்தது, உன் மகளுக்குப் பரீட்சை. இல்லை, அது மட்டும் காரணம் இல்லை. உன்னிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் உன்னைப் பற்றியதுதான். 2011-ல் அந்தப் பொடியை நம்பி 14 மாதம் மாத்திரையை நிறுத்தினேனே, அதனால் வந்ததா என்று கேட்டேன். நீதான் அந்த வைத்தியரிடம் கூட்டிப் போனாய். "ஸ்டீராய்டு சாப்பிட்டு மூஞ்சி எப்படி ஊதிப்போச்சு பாரு" என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சம்மதிக்க வைத்தாய். குடல் எத்தனை காலம் வெந்து புண்ணாகிக் கிடக்கிறதோ அத்தனைக்கு ஆபத்து கூடும், ஆனால் எந்த வருஷத்துப் புண் இதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. யாராவது ஒருவரைக் கைகாட்ட வேண்டும் போலிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் என்னையும்தான் காட்ட வேண்டும். நோய் வந்து 8 வருஷம் ஆகிவிட்டால், அப்புறம் ஆபத்துக்குத் தக்கபடி டாக்டர் சொல்கிற இடைவெளி விட்டு உள்ளே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் கணக்குக்கு 2013-ல் தொடங்கியிருக்க வேண்டும். 2018-ல்தான் போனேன். 2001-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட ஒரு கணக்கில், இந்த நோய் உள்ளவர்களில் 10 வருஷத்தில் நூற்றுக்கு 2 பேருக்கும், 20 வருஷத்தில் 8 பேருக்கும், 30 வருஷத்தில் 18 பேருக்கும் குடல் புற்று வருவதாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அதைவிடக் குறைவு. அந்தக் 'குறைவு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

சரி, பைக்கு வருகிறேன். பை இல்லாமலும் செய்யலாம். சிறுகுடலின் நுனியை மடித்து உள்ளேயே ஒரு பை மாதிரி தைத்து ஆசனவாயோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு மூன்று ஆபரேஷன் ஆகும். அப்புறம் எல்லாரையும் போல வழக்கமான வழியிலேயே போகலாம். நீ கேட்டால் அதைத்தான் செய்யச் சொல்வாய் என்று தெரியும். வெளியே தெரியாதே. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போக வேண்டிவரும், அந்த உள்பை புண்ணாகி மறுபடி அவசரம் வருகிறவர்களும் நிறையப் பேர். அதை டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கயத்தாறு ரோடு வந்துவிட்டது.

2006. உன் கல்யாணப் பட்டு எடுக்க மதுரைக்குப் போனோம். கயத்தாறு தாண்டியதும் எனக்கு வயிற்றைப் பிடித்தது. கோவில்பட்டியில்தான் நிற்கும் என்றார் கண்டக்டர். நீ சீட்டிலிருந்து எழுந்து, "எந்தங்கச்சிக்கு வியாதி, ரத்தம் ரத்தமாப் போகும், நிறுத்துவீங்களா மாட்டீங்களா" என்று கத்தினாய். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நின்றது. இறங்கினால் கரிசல் காடு, அறுத்த பருத்திமார்தான் கிடந்தது, மறைய ஒரு உடைமரம்கூட இல்லை. நீ எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்று துப்பட்டாவை விரித்தாய். மஞ்சள் பூப்போட்ட துப்பட்டா. காற்று தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இன்னொரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் பின்பக்கமாகவே கையை நீட்டிக் கொடுத்தாய். டிரைவர் ஹாரன் அடித்தார், ஒரு தடவை, இரண்டு தடவை. துப்பட்டாவைக் கடித்தபடியே அவரைத் திட்டினாய், ஒரு வார்த்தையும் புரியவில்லை.

திரும்ப ஏறியபோது என் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். நீ அங்கே உட்கார்ந்து மதுரை வரைக்கும் என் கையைப் பிடித்திருந்தாய்.

எனக்காக வேறு யாரும் அப்படி நின்றதில்லை. ஆனால் அந்தக் கதையை நீ எத்தனை வீட்டில் சொன்னாய் அக்கா? உன் வளைகாப்பில் சொன்னாய். என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன வீட்டிலும் சொன்னாய், அவர்கள் ஏன் போனார்கள் என்பது இங்கே வேண்டாம். நீ என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறாய் என்று தெரியும். நீ சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் அந்தக் காட்டில் போய் மறுபடி உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நான் தூரப் பயணத்துக்கு பஸ் ஏறியதே இல்லை. ரயில்தான், கக்கூஸ் இருக்கும் என்பதற்காக. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நான் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாய். அன்று ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரப் பயந்தேன். அதை அப்போது சொல்ல வாய் வரவில்லை.

பை இருந்தால் அந்த அவசரம் இல்லை. நிறைவது கண்ணுக்குத் தெரியும், நமக்குத் தோதான இடத்தில் போய்க் கொட்டிக்கொள்ளலாம். பெருங்குடல் இல்லாததால் உப்பும் தண்ணீரும் சீக்கிரம் வெளியேறிவிடும், வெயில் காலத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கையிலேயே இருக்க வேண்டும். மலக்குடலையும் எடுத்துவிடுவதால் அங்கே மிச்சம் மீதி ஒட்டியிருக்குமோ என்ற பயமும் வேண்டாம். இவரிடம் எல்லாம் பேசிவிட்டேன். அதற்கு மேல் பொதுவில் எழுதமாட்டேன்.

நேற்று நர்ஸ் வந்து வயிற்றில் இடம் குறித்தார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், நிற்கச் சொன்னார், வீட்டில் கட்டுகிற மாதிரியே சேலை கட்டிக் காட்டச் சொன்னார். பாவாடை நாடா இத்தனை வருஷம் அழுத்திக் கறுத்த கோடு இருக்கிறதல்லவா, அதில் படாமல் வலது பக்கம் கொஞ்சம் கீழே, நான் குனிந்தால் எனக்கே தெரிகிற இடத்தில், பேனாவால் ஒரு வட்டம். அழியாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டர். ராத்திரி முழுக்க அதையே தடவிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்று நான்கு நாளில் பை மாற்றச் சொல்லித்தருவார்களாம். வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்து பழக வேண்டும். இவர் இருக்கிறேன் என்றார். நான் உன் பேரைக் கொடுத்திருக்கிறேன். உன்னால் முடியாது என்றால் புதன்கிழமைக்குள் சொல்லிவிடு. வருவதாக இருந்தால், பார்த்ததை யாரிடமும் சொல்லாதே அக்கா. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.