தராசை நேராக வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் குழுவாக இதை எழுதுகிறோம். ஆளை மதித்துத் தொழில் செய்கிறோம் என்று கூட்டத்தில் யாரும் பேசலாம். உண்மை என்ன என்பது நிறுவை மேடையில் தெரிந்துவிடும். அந்த மேடையை ஒழுங்காக வைத்திருக்க உதவியவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கொழுந்து பறிக்கும் அக்காமார்களுக்கு. சாயங்காலம் ஒரே நிறுவை என்ற வழக்கத்தை மாற்றச் சொன்னது அவர்கள்தான். சொன்ன காரணம் அசைக்க முடியாதது. பறித்த இலை நேரமாக ஆக ஈரம் விட்டு வாடும். வெயில் நாளில் காலையில் பறித்த 10 கிலோ மாலையில் 10 கிலோவாக இருக்காது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது அப்படியே நஷ்டம். சாக்கில் அமுக்கிக் கட்டிய இலை உள்ளே சூடேறிச் சிவக்கவும் செய்யும். அப்புறம் தூளில் நிறமும் இருக்காது, மணமும் இருக்காது. இப்போது காலை, மதியம், மாலை என மூன்று நிறுவை. கோணிச் சாக்குக்குப் பதில் நைலான் வலைப்பை, ஒன்றில் 20 கிலோவுக்கு மேல் கிடையாது. பனிமூட்டம் விலகும் முன் தோட்டத்துக்குள் யாரையும் தனியாக அனுப்புவதில்லை என்பதும் அவர்கள் கேட்டு வாங்கியதே. கரடியும் காட்டெருமையும் நடமாடும் மலை இது.

நிறுவையில் நிற்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. எடையை உரக்கச் சொல்லி, எண்ணைப் பறித்தவர் கண்ணில் காட்டி, சீட்டைக் கையில் கொடுத்த பிறகே பையை நகர்த்துகிறார். 'பைக்கு ஒரு கிலோ கழிவு' என்று மொத்தமாகப் பிடிப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு, இங்கே வேண்டாம். அவர் காலிப் பையையே தராசில் வைத்துக் கழிக்கிறார். மழைநாள் தகராறுக்கும் வழி கண்டிருக்கிறார்: நனைந்த இலையில் 1 கிலோ எடுத்து, வலைத்துணியில் கட்டி, நீர் சொட்டுவது நிற்கும்வரை உதறி, மறுபடி எடை போடுவார். 920 கிராம் வந்தால் கழிவு 8 சதவீதம். இருவர் கண்முன் நடப்பதால் சண்டை இல்லை. ஆண்டுதோறும் மின்னணுத் தராசைச் சோதித்து முத்திரையிடும் முத்திரை ஆய்வாளருக்கும் நன்றி. இடைப்பட்ட நாட்களில் திங்கள்தோறும் 20 கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

இலையைத் திருப்பி அனுப்பிய தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கும் நன்றி. கிண்டல் இல்லை, மனதாரத்தான். நாலைந்து பைகளிலிருந்து அள்ளிக் கலந்து, 100 கிராம் நிறுத்து, இரண்டு இலை ஒரு மொட்டும் இளங்கொழுந்தும் ஒரு பக்கம், முற்றல் மறுபக்கம் எனப் பிரித்து, இரண்டையும் எடைபோட்டு எழுதிக் கொடுத்தார். முற்றல் வந்தால் பறித்தவரைத் திட்டுவதுதான் ஊர் வழக்கம். ஆனால் ஒரு முறை பறித்த செடிக்கு மறுபடி பறிக்க வரும் சுற்றை 10 நாளில் முடிக்காமல் 16 நாளுக்கு இழுத்தால் யார் கைக்கும் முற்றல்தான் வரும். சுற்றை முடிவு செய்வது தோட்டக்காரர். மேற்பார்வையாளர் தந்த தாளை இப்போது சுற்றுத் தேதியோடு சேர்த்துத்தான் படிக்கிறோம்.

விலைக் கணக்கைப் பிரித்துக் காட்டிய கணக்காளருக்கும் கடன்பட்டிருக்கிறோம். தேயிலை வாரியத்தின் பங்கீட்டின்படி தூள் விற்ற சராசரி விலையில் 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு. கிலோ தூளுக்குச் சராசரி 120 ரூபாய், 100 கிலோ இலைக்கு 23 கிலோ தூள் என்று வைத்துக்கொண்டால் கிலோ இலைக்கு 17 ரூபாய் 94 காசு. அதே விலைக்கு 25 கிலோ தூள் கிடைத்தால் 19 ரூபாய் 50 காசு. குன்னூர் ஏல விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தனை கிலோ தூள் இறங்கியது என்று கேட்பவர் குறைவு. இந்த 1 ரூபாய் 56 காசு வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கேட்டதும் அந்த எண்ணைத் தயங்காமல் காட்டிய தொழிற்சாலைக்கு வணக்கம்.

தொழிற்சாலைப் பணம் அடுத்த மாதம் வரும். கூலியோ சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இந்த இடைவெளியில்தான் இலை வாங்கும் ஏஜெண்டின் முன்பணம் நுழையும், பிறகு எடையில் கழியும். ஒரு மாதக் கூலியைச் சேமிப்பாக ஒதுக்கும்வரை கைமாற்று தந்து தாங்கிய மகளிர் சுயஉதவிக் குழுவை மறக்க முடியாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதில் வெளி உறுப்பினர் ஒருவரும் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு வர ஒப்புக்கொண்ட ஆசிரியை அம்மாவுக்கு நன்றி.

நிறுவைச் சீட்டு, மழைக்கழிவுத் தாள், விலைக் கணக்குத் தாள் மூன்றின் மாதிரியும் கொட்டகையில் இருக்கின்றன. வேறு குழுவினர் வேண்டுமானால் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு மட்டும் பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்