பையன் ஏன் ஐந்து மணிக்கு வருகிறான்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள், அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. பள்ளி மூன்றேகாலுக்கு விடுகிறது, பஸ்ஸில் கால் மணி நேரம்தான், பையன் ஏன் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறான் என்று கேட்டீர்கள். கேட்ட தொனியிலேயே ஹெட்மாஸ்டர் தெரிந்தார். போனில் சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும் உங்களுக்கு, அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சிக்கன் ஷாப்பில் இருக்கிறான். தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் விற்கிற சின்னக் கடை அது. லண்டனில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும், பெரும்பாலும் நம் பக்கத்து மனிதர்கள் நடத்துவதுதான், பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை, ஆப்கானிஸ்தான் என்று. மூன்று பவுண்டு இருந்தால் ஒரு டப்பா கிடைக்கும். ஒரு டப்பாவை வாங்கி நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். கல்லாவில் நிற்பவரை 'பாஸ்மேன்' என்று கூப்பிடுவார்கள். அவருக்கும் அவர்கள் பெயர் தெரியும், யார் எந்த சாஸ் கேட்பான் என்பதும் தெரியும். உங்கள் பேரன் அங்கே என்ன செய்கிறான் என்றால், அவ்வளவுதான். ஃபுட்பால், பிடிக்காத டீச்சர், யார் யாரோடு பேசவில்லை.

ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைத்தெருவுக்குப் பக்கத்திலிருக்கிற பள்ளிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விடுகின்றன. பதினைந்து வயது வரை பஸ் இலவசம், 2005-லிருந்து இப்படித்தான், பையனிடம் அதற்கென்று ஒரு கார்டு இருக்கிறது. அதனால் தூரத்துப் பிள்ளைகளும் பஸ் மாறுகிற இடத்தில் இறங்கி நிற்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் நடைபாதை முழுக்கச் சீருடைதான். கத்தல், தள்ளல், ஒருத்தன் பையை இன்னொருத்தன் எறிவது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிருக்காகத் தலையை மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பை அடைத்துக்கொண்டு நிற்கிற இருபது முப்பது உயரமான பையன்களைப் பார்த்தால் நீங்களே ஒரு நிமிடம் யோசிப்பீர்கள். பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் காவல் நிற்பார்கள். இங்கே பள்ளி வாசலுக்கு வெளியே பிள்ளைகள் செய்வதற்கும் பள்ளி தண்டனை கொடுக்கலாம், 2006-ஆம் வருடச் சட்டம் அப்படி. உங்களுக்குப் பிடிக்கும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கிற கடையும் அதே தெருவில்தான் என்பதால் எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக் காலத்தில் வந்தவர். அவர் கடைக் கதவிலும் அந்த அட்டை உண்டு: ஒரு நேரத்தில் இரண்டு மாணவர்கள் மட்டும், பை வாசலில். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற கடைகளில் நிறைய இடத்தில் இதைப் பார்க்கலாம். மூன்றேகாலிலிருந்து நாலு மணி வரை நான் கல்லாவை விட்டு வந்து வாசலில் நிற்பேன், ஆள் எண்ணி விடுவேன். என்னை 'மிஸ்' என்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஆகிற சில்லறை வியாபாரம் நாள் முழுக்க வேறு எப்போதும் ஆகாது, அதே முக்கால் மணி நேரத்தில்தான் அலமாரியிலிருந்து சாக்லேட்டும் காணாமல் போகும். பெரிய திருட்டெல்லாம் பெரியவர்களுடையது, இறைச்சியும் சாராய பாட்டிலும், அதற்கு ஒரு அட்டையும் இல்லை என்று முதலாளியே சொல்வார். ஒருநாள் ஒரு பையனைக் கையும் களவுமாகப் பிடித்தோம். நான் பள்ளிக்குப் போன் பண்ணலாம் என்றேன். "விடும் பிள்ளை, பெடியள்தானே, நாளைக்கும் இங்கதான் வருவான்" என்றார். மறுநாள் வந்து காசு கொடுத்தான்.

அந்த அட்டை சரியா என்று கேட்டால், கடைக்காரரின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரே ஆள் கல்லாவில் இருக்கும்போது இருபது பேர் நுழைந்தால் எதையும் பார்க்க முடியாது. ஆனால் என் பையன் இன்னொரு கடை வாசலில் அதே மாதிரி அட்டைக்கு முன்னால் பையைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறான் என்று நினைத்தால் என்னவோ செய்கிறது. இரண்டும் உண்மை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு கடைக்காரர் வாசலுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறார். அந்த வழியாகப் போனால் பையன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. 'மஸ்கிட்டோ' என்று பெயர். 2005-இல் வேல்ஸில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் கண்டுபிடித்தது. வயது ஏற ஏற உச்சத்தில் இருக்கிற ஓசைகள்தான் முதலில் காதை விட்டுப் போகும், அதனால் ஏறக்குறைய 17.4 கிலோஹெர்ட்ஸில் ஒரு கீச்சு ஒலி எழுப்பினால் இளவட்டங்களுக்கு மட்டும் கேட்கும், இருபத்தைந்து தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்காது. பிள்ளைகளைக் கடை வாசலிலிருந்து விரட்டவே செய்த கருவி. கொஞ்ச நாளில் பிள்ளைகள் அதே ஒலியை செல்போன் ரிங்டோனாக வைத்துக்கொண்டார்களாம், வகுப்பில் மணி அடித்தால் வாத்தியாருக்குக் கேட்காது! அப்புறம் ஸ்டேபிள்டனும் அதே ஒலியில் ரிங்டோன் செய்தார். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து 2006-இல் அவருக்கு இக் நோபல் கொடுத்தார்கள், நோபலைக் கேலி செய்கிற மாதிரி சிரிப்பு வரவைக்கிற கண்டுபிடிப்புகளுக்குக் கொடுக்கிற பரிசு அது, அதிலும் அமைதிக்கான பரிசு. நீங்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் தள்ளுவண்டியில் உறங்குகிற கைக்குழந்தைக்கும் அது கேட்குமே அப்பா, அது யாரிடம் போய்ச் சொல்லும்? வம்பு பண்ணுகிறவன், பால் வாங்க வந்தவன் என்று அந்தப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது, வயது ஒன்றுதான் குற்றம். இங்கிலாந்தின் சிறுவர் ஆணையர் 2008-இல் இதை எதிர்த்து இயக்கமே நடத்தினார், 2010-இல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவை தடை செய்யச் சொன்னது. இந்த நாட்டில் தடை வரவில்லை. எங்கள் முதலாளியிடமும் ஒருத்தர் விற்க வந்தார். ஊரில் ஷெல் குண்டுச் சத்தம் கேட்டு ஓடினவன் நான், பிள்ளைகளைச் சத்தம் போட்டு விரட்டச் சொல்கிறாயா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

போன மாதம் தெருவில் ஒரு கைகலப்பு. யாருக்கும் பெரிய காயம் இல்லை, ஆனால் பத்து பேர் செல்போனில் படம் பிடித்தார்கள், அது எல்லார் போனிலும் சுற்றியது. போலீஸ் கலைந்துபோகும் உத்தரவு போட்டது. 2014 சட்டப்படி ஒரு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால் போதும், 48 மணி நேரம் வரை அந்தப் பகுதியில் தொல்லை கொடுப்பார் என்று போலீஸ் நியாயமாகச் சந்தேகப்படுகிறவரைப் போகச் சொல்லலாம், பத்து வயதுப் பிள்ளை என்றாலும். நம் பையன் அன்றைக்கு நேராக வீட்டுக்கு வந்துவிட்டான், முகம் மட்டும் சரியில்லை. நீ என்ன பண்ணினாய் என்று கேட்டேன். "நின்னேன்" என்றான்.

அதற்குப் பிறகு சர்ச் ஹாலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள், நானும் போயிருந்தேன். கவுன்சிலர், இரண்டு போலீஸ்காரர்கள், கடைக்காரர்கள், மீதி எல்லாம் வயதானவர்கள். ஒரு பாட்டி, கைத்தடியோடு வந்தவர், மூன்று மணிக்கு மேல் வெளியே வருவதையே விட்டுவிட்டேன், பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை, நான் தினமும் பார்க்கிறேன். இன்னொருவர் பஸ் ஸ்டாப்பில் கர்நாடக சங்கீதம் மாதிரி இவர்கள் ஊர் செவ்வியல் இசையைப் போடலாம், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்றார். விளையாட்டில்லை, 2003-இல் எல்ம் பார்க் என்கிற ரயில் நிலையத்தில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2005-இல் கென்ட்டில் ஒரு பெரிய வணிக வளாகம் ஹூடி போட்டுத் தலையை மூடிக்கொண்டு வரக்கூடாது என்றபோது பிரதமர் பிளேரே ஆதரித்தாராம். எல்லா யோசனையும் இப்படியே, எப்படிப் போகவைப்பது. கூட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருத்தர்கூட இல்லை. நான் எழுந்து அதைச் சொன்னேன், என் இங்கிலீஷில், கை நடுங்கத்தான் செய்தது. கவுன்சிலர் குறித்துக்கொண்டார். என்ன செய்வார் என்று பார்ப்போம்.

எங்கே போவார்கள் என்பதுதான் என் கேள்வி. எங்கள் வாசலில் வரிசையில் நின்ற ஒரு பெண்ணைத் தள்ளிப் போகச் சொன்னபோது அவள் கேட்டதும் அதுதான்: "எல்லாரும் போங்கன்னுதான் சொல்றீங்க, எங்கேன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க மிஸ்." நூலகம் இருக்கிறது, ஆனால் பேசக்கூடாது. பூங்கா இருக்கிறது, குளிர்காலத்தில் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள். வீடு என்றால் எங்கள் வீடு மாதிரி இரண்டு அறை, அப்பா அம்மா வேலையிலிருந்து வர ஆறு மணி, நாலு நண்பர்களை எங்கே உட்கார வைப்பது? முன்பெல்லாம் இளைஞர் மன்றம் என்று இருந்ததாம், நகராட்சி நடத்தியது, டேபிள் டென்னிஸ், கம்ப்யூட்டர், அதட்டவும் பேசவும் ஒரு பெரியவர். 2010-க்கும் 2019-க்கும் நடுவில் லண்டனில் பத்தில் மூன்று மன்றங்களை மூடிவிட்டார்கள், செலவைக் குறைக்கிறோம் என்று. நிதி ஆய்வு நிறுவனம் ஒன்று, ஐ.எஃப்.எஸ். என்பார்கள், 2024-இல் இதைக் கணக்குப் பார்த்தது. பக்கத்து மன்றம் மூடப்பட்ட பிள்ளைகள் பரீட்சையில் மதிப்பெண் குறைந்தார்கள், குற்றத்தில் சிக்குவது 14 சதவீதம் கூடியது. மிச்சம் பிடித்த பணத்தைவிட அதனால் வந்த நஷ்டம் அதிகம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இருந்த மன்றம் இப்போது ஃப்ளாட்டுகள்.

அப்படியிருக்க மூன்று பவுண்டுக்கு வெளிச்சம், கதகதப்பு, உட்கார நாற்காலி, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு ஆள், எல்லாம் கிடைக்கிற இடம் சிக்கன் ஷாப் ஒன்றுதான். அங்கேயும் அரசாங்கம் விடவில்லை. 2019-இல் உள்துறை அமைச்சகம் கத்தி எடுக்காதே என்று சிக்கன் டப்பாவுக்குள் அச்சடித்து மூன்று லட்சத்துக்கும் மேலான டப்பாக்களைக் கடைகளுக்கு அனுப்பியது. கறுப்பினப் பிள்ளைகள் என்றால் கோழி, கோழி என்றால் கத்தி என்று நினைத்துவிட்டார்களா என்று எம்.பி.க்களே கோபப்பட்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். இப்போது லண்டன் மேயரின் 2021 திட்டப்படி பள்ளி வாசலிலிருந்து 400 மீட்டர் நடை தூரத்துக்குள் புதிதாக இப்படிப்பட்ட கடை திறக்க முடியாது, உடல் பருமனுக்காக. அது நியாயமான கவலை, அந்த எண்ணெயைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், பையனும் குண்டாகத்தான் ஆகிறான். அந்த 400 மீட்டருக்குள் வேறு என்ன திறப்பார்கள் என்று மட்டும் அதில் இல்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை, பள்ளி விட்டதும் வீடு, அவ்வளவுதான் என்கிறார். ஒரு வாரம் இதைப் பற்றியே சண்டை. கடைசியில் நான் சொன்னபடி ஆயிற்று: வாரத்தில் இரண்டு நாள் போகலாம், நாலே முக்காலுக்கு வீட்டில் இருக்க வேண்டும், கைகலப்பு என்றால் படம் பிடிக்காமல் நேராக என் கடைக்கு வர வேண்டும், வாங்கியதைத் தின்றுவிட்டு டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டி மாட்டிய கடையில் நான் இனி எதுவும் வாங்குவதில்லை, காரணத்தை அந்தக் கடைக்காரரிடமே சொல்லிவிட்டேன், அவர் தோளைக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம் பேசும்போது இதை எடுக்காதீர்கள் அப்பா. எடுத்தே தீருவேன் என்றால் யாரோடு போகிறாய், என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள், நன்றாகச் சொல்வான், தமிழிலேயே சொல்வான். பிரஷர் மாத்திரையை அம்மா கையில் வாங்கிச் சாப்பிடுங்கள், நீங்களாக எடுத்தால் மறந்துவிடுகிறீர்கள் என்று அவள் புகார்.

அன்புடன்,
உங்கள் மகள்