பால் காணாது என்று சொல்லுவதற்கு முதல்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் என் பெறாமகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. அவளின் தாய், என் தங்கச்சி, 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரைக்கும் எங்களோடு இடம்பெயர்ந்து நடந்து வந்தவள், அதற்கு அங்கால் வரவில்லை. அப்போது இவளுக்கு எட்டு வயது. அந்த வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளைகள் இப்போது தாங்களே தாய்மார் ஆகிற காலம் இது. தாய்ப்பால் பற்றிக் கூட்டம் வைத்துப் பேசுகிறவர்கள் இதை யோசிக்கிறதாகத் தெரியவில்லை.

சுகப்பிரசவம்தான். அடுத்த நாளே துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். "பால் குடுங்கோ, ஆறு மாசத்துக்கு வேறொண்டும் குடுக்கக் கூடாது" என்று வாட்டில் எல்லோரும் சொன்னார்கள், சுவரில் படமும் ஒட்டி இருந்தது, ஆனால் அவளுக்குப் பக்கத்தில் கால் மணித்தியாலம் இருந்து பிள்ளை உண்மையில் குடிக்குதா என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. நேர்ஸ்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இரவில் அந்த வாட் முழுக்க ஓடித் திரிந்தது இரண்டே பேர்.

மூன்றாம் நாள் இரவு அவளுக்கு மார்பு கல்லு மாதிரி இறுகிவிட்டது. காம்பு வெடித்து, பிள்ளை வாய் வைத்தவுடன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிள்ளையும் அழ அவளும் அழ, பார்க்க வந்த சனம் ஆளுக்கொரு தீர்ப்பு. முதல் மஞ்சள் பாலைக் கறந்து ஊற்றியிருக்க வேணுமாம். சுறா வறையும் உள்ளியும் போதவில்லையாம். இந்த வெயிலுக்குப் பிள்ளைக்குத் தொண்டை காயுமாம், கொதித்தாறின தண்ணி பருக்க வேணுமாம். கடைசியாக, "உவளுக்குப் பால் காணாது, மா கரைச்சுக் குடுங்கோ."

நான் இரண்டு பெற்றவள். இரண்டாவதுக்குப் பங்கருக்குள் குந்தி இருந்து பால் கொடுத்திருக்கிறேன், பால்மா கண்ணில் காணக் கிடைக்காத நேரம் அது. ஆனாலும் இவளுக்குக் காட்டிக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. கை தன்பாட்டில் செய்த வேலையை வாயால் எப்படிச் சொல்லுவது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மா ரின் வாங்கி வரச்சொல்லி என் மனுசனைக் கடைக்கு அனுப்பினது நான்தான்.

நல்ல காலம், விடிய மிட்வைப் மிஸ்ஸி ஸ்கூட்டரில் வந்து இறங்கினா. குடும்பநல உத்தியோகத்தர் என்றுதான் எழுத வேணும், எங்களுக்கு எப்பவும் மிஸ்ஸிதான். கையைக் கழுவினா, இவளின் முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒன்று. பிள்ளையைத் தாயின் பக்கம் முழுதாகத் திருப்பி, வயிறோடு வயிறு ஒட்ட வைத்தா. இறுக்கம் தளர முதலில் கொஞ்சம் கையால் கறக்க வைத்தா. பிறகு காம்பால் பிள்ளையின் மேல் உதட்டைத் தடவி, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, ஒரே பிடியாக மார்போடு அணைத்தா. காம்பு மட்டும் இல்லை, சுற்றியுள்ள கறுப்பு வட்டத்திலும் பெரும்பகுதி வாய்க்குள் போக வேணுமாம், அதுவும் கீழ்ப்பக்கம் கூடுதலாக. மூன்று நாளும் பிள்ளை காம்பை மட்டும் சப்பித்தான் புண்ணாக்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது, 'களுக்', பிறகு ஒரு சின்ன இடைவெளி, திரும்பக் 'களுக்'. இவளின் தோள் இரண்டும் கீழே இறங்கினதை நான் பார்த்தேன்.

எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம் வராது.

போகிற போக்கில் மிஸ்ஸி சொன்னவற்றையும் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மஞ்சளாக வருவதுதான் சீம்பால், நோயெதிர்ப்புச் சக்தி நிறைந்தது, அதை ஊற்றக் கூடாது. முதல் நாள் பிள்ளைக்கு ஒரு தடவைக்குத் தேக்கரண்டி அளவே போதும், நிறையப் பால் இறங்க மூன்று நாலு நாள் செல்லும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணிதான், ஆகவே வன்னி வெயிலுக்கும் தனியாகத் தண்ணி தேவையில்லை. நாளுக்கு எட்டில் இருந்து பன்னிரண்டு தடவை குடித்து, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் காணும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும், இடையில் மா கொடுத்தால் அந்த அளவுக்கு ஊறுவதும் குறையும்.

என் கேள்வி இதுதான். அந்த அரை மணித்தியாலம் ஏன் முதல் நாளே கிடைக்கவில்லை? முதல் பத்து நாளுக்குள் மிட்வைப் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேணும் என்பது நடைமுறை. ஆனால் எங்கள் மிஸ்ஸி பார்க்கிற கிராமங்களுக்கு இடையில் காடும் குளக்கட்டும், மழை வந்தால் ஸ்கூட்டர் போகாத கிரவல் ரோட்டும் கிடக்கிறது. கொழும்பில் ஒரு ஒழுங்கைக்குள் பார்க்கிற வீடுகளுக்கு இங்கே ஒரு நாள் செல்லும். ஆளணியை சனத்தொகைக் கணக்கில் மட்டும் போட்டால் வன்னிக்குப் போதாது, தூரத்தையும் கணக்கில் எடுங்கள். தாய்மார் ஆதரவுக் குழுக்களையும் பெயருக்கு வைத்திருக்காமல், ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் பால் கொடுத்த பெண்கள் நாலு பேரைப் பிடித்து, காட்டிக் கொடுக்கிற விதத்தைப் பழக்கி விடுங்கள். நானே வருவேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளின் பாடு வேறு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறோம், தனியாரில் பிரசவ லீவு 84 வேலை நாள். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை விட வேணும் என்று சட்டம் இருக்கிறது. வீடு பதினைந்து மைலில் இருந்தால் அந்த இடைவேளையில் எங்கே போவது? காமென்டுக்கு, அதாவது உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று கக்கூசுக்குள் நின்று பாலைக் கறந்து ஊற்றுகிறது. கதவு பூட்டுகிற ஒரு சின்ன அறையும் ஒரு பிரிட்ஜும் கேட்டால் அவ்வளவு பெரிய செலவா?

ஆசிரியரே, உங்களிடமும் ஒன்று. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் வரும், விளக்கேற்றுகிறவர்களின் படம் நாலு பத்தியில் வரும். அந்த இடத்தில் பாதியையாவது பிள்ளையை மார்பில் பிடிக்கிற முறைக்கு ஒதுக்கிப் படம் போடுங்கள்.

மா ரின் இன்னும் உடைக்காமல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம்.

ஒரு பெரியம்மா,
ஒட்டுசுட்டான்.