பலகையின் வலது ஓரத்தில் மேட்டூர் மட்டம் எழுதிய சாருக்கு

அன்புள்ள சார்,

மே 31 அன்று ஓய்வுபெற்றுப் பொன்னாடையோடு நீங்கள் நிற்கிற படம் குழுவில் வந்தது. எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள், நானும் போட்டேன். அது போதாது என்று தோன்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பொதுவில் எழுதுவதால் உங்கள் பெயர் இதில் வராது. பள்ளியின் பெயரும் வராது. எந்த ஆற்றங்கரை என்றுகூடச் சொல்லமாட்டேன். நம் பக்கத்தில் ஆற்றின் பெயரைச் சொன்னால் மதகு, பாலம், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

உங்களிடம் பயிற்சிக்கு வந்தபோது நான் எடுத்த அந்த ஒன்பதாம் வகுப்புக் கணக்கு பீரியடில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஏன் நடந்தது என்று தெரியாது. அன்று நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

புரொஜெக்டரில் வரைபடம் காட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது இரண்டே நிமிஷம். மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புரொஜெக்டருக்குப் பேட்டரி கிடையாது. அது பாதரச விளக்கு வைத்த பழைய வகை. முறைப்படி நிறுத்தினால் விளக்கு அணைந்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடி விளக்கை ஆறவைக்கும். திடீரென்று மின்சாரம் போனால் விசிறியும் சேர்ந்து நின்றுவிடும், விளக்கு சூட்டோடு அப்படியே இருக்கும். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம், அதனால் மறுபடி பற்றாது. கரண்ட் வந்தவுடன் நான் ஏழெட்டு முறை பட்டனை அழுத்தினேனே, அதுதான் தப்பு. பேசாமல் ஐந்து பத்து நிமிஷம் விட்டிருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு உள்ள புரொஜெக்டரில் இந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளுக்கு முன்னால் எனக்கு மிஷினே ஓட்டத் தெரியவில்லை என்று ஆகிப்போனது.

அப்போதுதான் நீங்கள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தீர்கள். "ரெண்டு கோடும் எங்கடா வெட்டுச்சு?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு எண்களின் கூட்டல் 6, வித்தியாசம் 2. இரண்டு கோடும் வெட்டும் புள்ளி 4, 2 என்று இருபது நிமிஷமாகத் திரையில் சிவப்பு எழுத்தில் நின்றிருந்தது. "படம் காட்டியாச்சும்மா. கணக்கு எப்ப நடத்தப் போறே?" என்றீர்கள். வகுப்பு சிரித்தது.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. தனியாக ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஒரு பையனைப் பலகைக்குக் கூப்பிட்டீர்கள். கூட்டல் 6-க்கு 0, 6 என்றும் 6, 0 என்றும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தான், சரி. வித்தியாசம் 2-க்கு முதல் எண்ணுக்கு 0 போட்டான். இரண்டாவது கழித்தல் 2 வரவேண்டும். கழித்தல் குறியை விட்டுவிட்டு 0, 2 என்று வைத்தான். அடுத்த புள்ளி 2, 0, அது சரி. இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால் முதல் கோட்டுக்கு இணையாக ஓடியது, வெட்டவே இல்லை. வகுப்பு முழுக்க விழித்தது. மணி அடித்தது. "நாளைக்கு யோசிச்சிட்டு வாங்க" என்று சாக்பீஸை வைத்துவிட்டுப் போனீர்கள்.

நான் திரையில் ஓட்டிய ஜியோஜீப்ரா என்கிற வரைபட மென்பொருளில் அந்தத் தப்பு வரவே வராது சார். சமன்பாட்டை அடித்தால் சரியான கோட்டைத்தான் போடும். பிள்ளைகள் பண்ணப்போகிற தப்பு திரைக்கு வராததால் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நீங்கள் கோளாறு திரையில் இருக்கிறது என்றீர்கள், இன்றைக்கும் அப்படித்தான் நினைப்பீர்கள். கோளாறு நான் வைத்த வரிசையில் இருந்தது. பாடக்குறிப்பில் திரையை முதலில் எழுதிவிட்டு, வரைபடத் தாளை வீட்டு வேலைக்குத் தள்ளியிருந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட பாடக்குறிப்புதான் அது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன். முதல் 15 நிமிஷம் வரைபடத் தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு புள்ளி போதாது, மூன்று. மூன்றாவது புள்ளி கோட்டில் உட்காராவிட்டால் தப்பு அவர்களுக்கே தெரியும். அந்தப் பையன் 5, 3 என்று மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பான். பிறகு ஒரு கேள்வி, வெட்டுமா வெட்டாதா என்று. பதிலை எல்லோரும் நோட்டில் எழுதிய பிறகுதான் திரை. அதிலும் முதலில் தப்பான கோட்டையே வேறு நிறத்தில் போட வேண்டும், சரியானது பக்கத்தில் அப்புறம் வரட்டும்.

திரை என்று தனியாகத் துணி கட்டவும் வேண்டாம். இதைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஜியோஜீப்ராவில் பின்னணியைக் கறுப்பாக்கி, கட்டக் கோடுகளை வெள்ளையாக்கிக் கரும்பலகையின் மேலேயே விழவைக்கலாம். கட்டம் மட்டும் ஒளியில் விழும். புள்ளியும் கோடும் பிள்ளை சாக்பீஸால் போட வேண்டும். ஒரு கட்டம் பலகையில் 10 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கடைசி பெஞ்சுக்குத் தெரியும். பலகையை முதலிலேயே ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும், பழைய சாக்பீஸ் தூள் இருந்தால் எல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கிவிடும். ஜன்னல் கதவுகளையும் சாத்த வேண்டும், சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் இது எடுபடாது. எழுதுகிற பிள்ளையின் நிழல் விழும், ஒதுங்கி நின்று எழுதப் பழக்க வேண்டும். ஆனால் கரண்ட் போனாலும் சாக்பீஸ் கோடு பலகையிலேயே இருக்கும்.

நீங்கள் எங்களைக் கேலி செய்த "விளையாட்டுச் சாமான்"களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறைச் செயலியில் உங்கள் வகுப்பு வருகைப்பதிவைப் போட்டது யார்? காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை ஏற்றியது யார்? பயிற்சிக்கு வந்த நாங்கள் நாலு பேர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. (இதைப் படிக்கிற மற்ற பயிற்சி ஆசிரியர்களுக்கு: எல்லா இடத்திலும் இப்படி என்று அர்த்தமில்லை.) ஆனால் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்த உங்கள் வினாத்தாள்களை, எந்தப் போனிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்ற எத்தனை ராத்திரி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. மாற்றித் தருகிற நிரலில் போட்டால் ஒரு நிமிஷத்தில் மாறிவிடும், அது உண்மைதான். வேலை அதற்குப் பிறகு ஆரம்பிக்கும். பழைய தட்டச்சில் 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் (ா) போட்டுவைத்திருப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். மாற்றினால் 'சரம்' 'சாம்' ஆகும். மேலே சின்னதாக இருந்த அடுக்கு எண் கீழே இறங்கி உட்காரும், வர்க்கம் என்பது பக்கத்தில் ஒரு 2 ஆகிவிடும். பின்னங்கள் காணாமலே போகும். ஒவ்வொரு கணக்கையும் அசலோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும். இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம், அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டு வேலையை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்றீர்கள். நான் முகம் சுளித்தேன். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற வீட்டில் போன் பிள்ளையின் கையிலேயே இருக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு வயலுக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்பும், டேட்டா தீர்ந்து. எந்தத் தெருப் பிள்ளைக்குப் போன் இருக்கும், எந்தத் தெருப் பிள்ளைக்கு இருக்காது என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் இங்கே எழுதவில்லை. புத்தகத்தில் க்யூ.ஆர். குறியீடு இருக்கிறது, திக்ஷா என்கிற பாடச் செயலியில் காணொலி இருக்கிறது, எல்லாம் சரி. அதை ஆசிரியர் முதல் நாளே இறக்கிவைத்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்த்து, வகுப்பில் காட்டுவது ஒன்று. "வீட்டில் பார்த்துட்டு வாங்க" என்பது வேறு. இரண்டாவதைச் செய்யமாட்டேன்.

எல்லோரிடமும் போன் இல்லாமலே எல்லோரிடமும் பதில் வாங்க வழி இருக்கிறது. பிளிக்கர்ஸ் என்று ஒன்று, வழக்கமாக ஒரு கட்டுக்கு 40 அட்டை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு கறுப்புக் கட்ட வடிவம். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் பதில். ஆசிரியரின் ஒரு போனை வகுப்பு முழுக்கச் சுழற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதவும் முடியாது. அட்டையைப் பளபளக்கிற லேமினேஷன் போடக்கூடாது, ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. மூலையில் இருக்கிற எண்ணை விரல் மறைத்தால் பரவாயில்லை, கறுப்புக் கட்டத்தை மறைக்கக்கூடாது. இதுவும் இல்லாத நாளில் நோட்டு அட்டையை நாலு நிறத்தில் வெட்டிக் கொடுத்தால் போதும், பெயர் பெயராகக் கணக்கு வராது, அவ்வளவுதான்.

ஒயர் விஷயத்தில் நீங்கள் திட்டியதற்கு மட்டும் நன்றி. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகினேன், எர்த் போய்விட்டது. எக்ஸ்டென்ஷன் பெட்டி ஜன்னல் ஓரத்தில், ஐப்பசி மழைச் சாரல் படுகிற இடத்தில் கிடந்தது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு, இந்தப் பக்கத்தில் எந்த வகுப்பறையிலும் கருகல் வாடைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று சொன்னீர்கள். அன்று உங்கள் குரல் வேறாக இருந்தது.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளியில் சேர்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் 75 அங்குலத் தொடுதிரை இருக்கிற பள்ளி. "டெட்டுக்குப் படி, டி.ஆர்.பி. வரும்வரை பொறு" என்றீர்கள், அதாவது தகுதித் தேர்வு எழுது, அரசு ஆசிரியர் பணிக்கான தேர்வு வரும்வரை காத்திரு என்று. பொறுக்க வசதி இருக்கிறவர்கள் பொறுக்கலாம். டெட் பாஸ் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், உங்களுக்கும் தெரியும். இதற்காக நீங்கள் வருத்தப்பட்டால் மன்னியுங்கள். வருத்தப்படாவிட்டாலும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். 75 அங்குலத் திரையின் உயரம் சுமார் 93 செ.மீ. திரை உயரத்தின் ஆறு மடங்கு தூரம்வரைதான் பாட எழுத்து வசதியாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு, அதாவது 5.6 மீட்டர். கடைசி பெஞ்ச் அதைத் தாண்டி இருக்கிறது. அதனால் ஒரு பக்கத்தில் ஆறேழு வரிக்கு மேல் போடப்போவதில்லை. திரைக்கு நேர் எதிரே ஜன்னல், பாதி நாள் திரையில் தென்னை மரத்தின் பிம்பம்தான் தெரியும். தொடுதிரையின் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரல் அதை மறிக்கும் இடத்தைத்தான் திரை 'தொட்டது' என்று எடுத்துக்கொள்ளும். சாக்பீஸ் தூள் அந்தச் சட்டத்தில் படிந்தால் யாரும் தொடாமலே தானாக எழுதும். அதனால்தான் அங்கே சாக்பீஸ் கூடாதாம். கறுப்புப் பலகையை எடுத்தே விட்டார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பலகை மாட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தினமும் காய்ந்த துணியால் சட்டத்தைத் துடைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை.

அந்தப் பலகை எனக்கு எதற்கு என்றால், வலது ஓரத்துக்குத்தான். நீங்கள் தினமும் எழுதுவீர்களே: மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு, இருப்பு. பாசனத்துக்கு ஜூன் 12-ல் அணையைத் திறப்பார்களா மாட்டார்களா என்று பிள்ளைகள் உங்களிடம்தான் கேட்பார்கள். அதை வைத்து நீங்கள் ஒரு கணக்குகூடப் போடவில்லை. எழுதினீர்கள், அழித்தீர்கள். எனக்கு அது தாங்கவில்லை சார்.

விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அப்படியென்றால் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. வரத்து 2,000, திறப்பு 12,000 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 0.864 டி.எம்.சி. குறையும். இதுவரை பலகையிலேயே போடலாம், கணினி வேண்டாம். அறுபது நாள் எண்ணை அட்டவணையில் ஏற்றி, மட்டம் ஓர் அச்சு, இருப்பு ஓர் அச்சு என்று வரைபடம் போடுவதற்குத்தான் கணினி. கையால் போட்டால் ஒரு வாரம் போய்விடும். போட்டால் கோடு நேராக வராது, வளையும். 120 அடி அணையில் மேலே இருக்கிற ஓர் அடி அகலமான அடி, கீழே இருக்கிற ஓர் அடி குறுகலான அடி. கோடையில் மட்டம் ஏன் சடசடவென்று இறங்குகிறது என்று அந்த வளைவே காட்டும். பேப்பரில் வருவது ஒரு நேரத்து அளவு, நாள் முழுக்கச் சராசரி இல்லை. ஆவியாவதும் அதில் இல்லை. அதனால் கணக்கும் அணையும் கொஞ்சம் இடிக்கும். இடிக்கட்டும், ஏன் இடிக்கிறது என்பதுதான் அடுத்த பீரியட்.

நீங்கள் பலகையில் எழுதுவதற்கு முன் அந்த எண்களை டைரியில் குறித்துவைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த டைரிகள் எனக்கு வேண்டும். நீங்கள் டைப் செய்ய வேண்டாம், பேரனிடம் போனைக் கொடுங்கள். பகலில், வாசல் திண்ணையில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கட்டும். போனைப் பக்கத்துக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும், சாய்த்தால் எண் நசுங்கும். ஒரு படத்தில் ஒரு பக்கம்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள்.

2018 டைரி கஜா புயலில் நனைந்து நவம்பர் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். காய்ந்து ஒட்டிய தாளை இழுத்தால் மை மறு பக்கத்தோடு போய்விடும். அப்படியே வைத்திருங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் பயிற்சிக்கு வந்த கணக்கு மிஸ்